யேல் மேலாண்மைப் பள்ளி: யாருக்குப் பொருந்தும், எதைப் படிக்கலாம்?

கேள்வி இது: "யேல் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலுக்கு ஹார்வர்டு, வார்ட்டன் அளவுக்குப் பெயர் இல்லையே, அவ்வளவு செலவு செய்து அங்கே போகலாமா? எம்பிஏ தவிர வேறு என்ன படிப்புகள் உண்டு? சில வருடங்களாகத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்குமா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தது குறையாகப் பார்க்கப்படுமோ என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அந்தப் பயமே வேண்டாம். அமெரிக்காவின் பெரிய பிசினஸ் ஸ்கூல்களில் உங்களைப் போன்றவர்களையும் மனதில் வைத்தே தொடங்கப்பட்டது இந்தப் பள்ளி.

வார்ட்டன் 1881-இலும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-இலும் தொடங்கியவை. யேல் அந்தப் பக்கமே போகாமல் வெகுகாலம் இருந்துவிட்டு, 1976-இல்தான் முதல் வகுப்பைச் சேர்த்தது. முதல் டீன் வில்லியம் டொனால்ட்சன், வால் ஸ்ட்ரீட்டில் நண்பர்களோடு சேர்ந்து முதலீட்டு நிறுவனம் தொடங்கி வளர்த்தவர். அமெரிக்க வெளியுறவுத் துறையிலும் பதவி வகித்தார், பிற்காலத்தில் பங்குச் சந்தை ஒழுங்காணையத்தின் தலைவராகவும் ஆனார். இரண்டு பக்கமும் தெரிந்த அவர் தொடங்கிய பள்ளி எம்பிஏ பட்டம் தரவில்லை. பொது மற்றும் தனியார் துறை மேலாண்மையில் முதுகலை என்ற பட்டத்தைத்தான் கொடுத்தது. மருத்துவமனை நடத்தப் போகிறவரும், நகராட்சியில் வேலை பார்த்துவிட்டு வந்தவரும், வங்கிக்குப் போகப் போகிறவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும், ஒரே கணக்கியலைப் படிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அந்த ஆரம்ப வருடங்களில் படித்தவர்தான் சென்னையிலிருந்து போன இந்திரா நூயி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, ஐஐஎம் கல்கத்தா, அப்புறம் சில வருட வேலை, பிறகு 1978-இல் யேல். கைச்செலவுக்காக நள்ளிரவிலிருந்து அதிகாலை வரை விடுதி வரவேற்பு மேசையில் வேலை பார்த்ததை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கோடைக்கால வேலைக்கான முதல் நேர்காணலுக்கு உடம்புக்குப் பொருந்தாத மலிவு சூட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்க் கூனிக்குறுகிப் போனார். பள்ளியில் வழிகாட்டியவர், உனக்கு எது இயல்போ அதை உடுத்திக்கொண்டு போ என்றார். அடுத்த நேர்காணலுக்குப் புடவையில் போனார், பூஸ் ஆலன் என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பில் இருந்த அவர், 2016-இல் இந்தப் பள்ளிக்கு ஒரு பெரிய நன்கொடை கொடுத்தார். இன்று பள்ளியின் டீன் பதவியே அவர் பெயரில்தான் இருக்கிறது. முன்னணி பிசினஸ் ஸ்கூல் ஒன்றின் டீன் பதவிக்கு நிதி வைத்த முதல் பெண் அவர்.

சென்னைக்கும் யேலுக்கும் உள்ள தொடர்பு இதற்கும் முந்தையது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். சொந்த வியாபாரத்தில் முறைகேடு செய்தார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தார். 1718-இல் அவர் அனுப்பிய சரக்கில் மஸ்லின், காலிக்கோ என்ற பருத்தித் துணிகள் இருந்தன. அதை விற்றுக் கிடைத்த 562 பவுண்டு பணமும், கூடவே வந்த புத்தகங்களும்தான் நியூ ஹேவனில் இருந்த சின்னக் கல்லூரிக்கு அவர் பெயர் வரக் காரணம். அவர் காலத்து மதராஸில் அடிமை வியாபாரம் நடந்தது. அடிமை முறையோடு தனக்கு இருந்த உறவுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. சென்னையிலிருந்து அங்கே போகிற மாணவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சரி, பள்ளிக்கு வருவோம். அதன் வரலாற்றில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் 1988. மைக்கேல் லெவின் என்ற விமான நிறுவன நிர்வாகி டீனாக வந்தார். மனிதர்கள், குழுக்கள், நிறுவன நடத்தை பற்றிக் கற்பித்த துறையை ஏறக்குறைய கலைத்தார், பொருளாதாரமும் நிதியும்தான் மையம் என்றார். பழைய மாணவர்கள் கொதித்துப் போனார்கள். நன்கொடையை நிறுத்தியவர்களும் உண்டு. நாங்கள் படித்த பள்ளி இதுவல்ல என்பதுதான் அவர்கள் கோபம். அந்தச் சண்டையின் காயம் ஆற வருடங்கள் ஆயின. 1999-இல் பழைய பட்டம் போய் எம்பிஏ வந்தது. வேலை கொடுப்பவர்களுக்குப் பழைய பட்டத்தின் பெயர் புரியவில்லை என்ற நடைமுறைச் சிக்கல் உண்மையிலேயே இருந்ததால், அந்த மாற்றம் சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வணிகத்துக்கும் சமூகத்துக்கும் சேர்த்துத் தலைவர்களை உருவாக்குவது என்ற குறிக்கோள் வாசகத்தைப் பள்ளி கைவிடவில்லை. அது வெறும் வாசகமா, நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க, வகுப்பில் என்ன நடக்கிறது, பணம் எங்கே போகிறது என்ற இரண்டையும் கவனித்தால் போதும்.

முதலில் வகுப்பு. பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்களில் முதல் வருடம் மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ், ஆபரேஷன்ஸ் என்று துறை வாரியாகப் பிரிந்திருக்கும். 2006-இல் ஜோயல் பொடோல்னி டீனாக இருந்தபோது யேல் இதைக் கலைத்துப் போட்டது. முதலில் கணக்கியல், புள்ளியியல், பொருளாதாரம், குழுவாக வேலை செய்வது, பேரம் பேசுவது போன்ற அடிப்படைகள். அதன் பிறகு வரும் பாடங்களின் பெயர்களே வாடிக்கையாளர், போட்டியாளர், முதலீட்டாளர், ஊழியர், அரசும் சமூகமும் என்று மனிதர்களின், அமைப்புகளின் பெயர்கள். ஒரு நிறுவனத்தை வெளியிலும் உள்ளேயும் இருந்து பார்க்கிற ஒவ்வொருவருடைய கண்ணாலும் பார்க்க வேண்டும். 'வாடிக்கையாளர்' பாடத்தில் மார்க்கெட்டிங் மட்டும் இருக்காது, உளவியலும் கணக்கும் சேர்ந்தே வரும். பொடோல்னி 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் உள்பயிற்சிப் பள்ளியை நடத்தப் போய்விட்டார். பாடத்திட்டத்தில் அங்கங்கே திருத்தம் நடந்திருக்கிறது, அடிப்படை அமைப்பு நிலைத்துவிட்டது.

இதோடு சேர்ந்து வந்ததுதான் 'ரா கேஸ்'. கேஸ் என்றால் ஒரு நிறுவனத்துக்கு வந்த பிரச்சினையை வகுப்பில் அலசுவதற்கான பாடம். ஹார்வர்டு பாணி கேஸ் என்பது பதினைந்து இருபது பக்கத்தில் ஒழுங்காக எழுதப்பட்ட கதை. தேவையான தகவல் எல்லாம் உள்ளே இருக்கும், முடிவெடுக்க வேண்டிய ஆள் யார் என்பதும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். யேலின் ரா கேஸ் இணையத்தில் கொட்டிக் கிடக்கும் ஆவணக் குவியல். உதாரணத்துக்கு சாக்லேட் நிறுவனமான கேட்பரி பற்றிய கேஸ். மேற்கு ஆப்பிரிக்கக் கோகோ தோட்டங்களில் குழந்தைகள் வேலை செய்வதாகச் செய்தி வந்தபோது, நேர்மைக்குப் பெயர் பெற்ற அந்த நிறுவனம் என்ன செய்திருக்க வேண்டும் என்பது கேள்வி. மாணவர் கைக்கு வருவது செய்திகள், அறிக்கைகள், நிறுவனத்தின் ஆவணங்கள், பேட்டிகள். எதை நம்புவது, எதை விடுவது, எந்த எண்ணை எடுத்துக் கணக்குப் போடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முதலீட்டாளர் பக்கம் நின்று படித்தால் ஒரு விடை வருகிறது, தோட்டத் தொழிலாளி பக்கம் நின்றால் வேறொன்று வருகிறது. வேலையில் நமக்கு வரும் பிரச்சினைகளும் இப்படித்தான் வருகின்றன என்பதால், இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் படிக்கிறவருக்குச் சிரமம். எல்லாவற்றையும் படித்து முடிக்க ஓர் இரவு போதாது.

பேரம் பேசும் பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நடத்திப் பெயர் பெற்றவர் பேரி நேல்பஃப், ஆட்டக் கோட்பாட்டு நிபுணர். அவர் தரும் எளிய கணக்கு ஒன்று: இரண்டு பேர் ஒத்துப்போனால் 12 துண்டு பீட்சா கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால் முதலாமவருக்கு 4, இரண்டாமவருக்கு 2 மட்டும். எப்படிப் பிரிப்பது? சிலர் ஆளுக்கு 6 என்பார்கள். சிலர் 4-க்கு 2 என்ற விகிதத்தில் 8, 4 என்பார்கள். அவர் சொல்வது வேறு. ஒத்துப்போகாமல் கிடைப்பது 6, ஒத்துப்போனால் 12, ஆக உடன்பாட்டால் புதிதாக வருவது 6. இரண்டு பேரில் யார் விலகினாலும் அந்த 6 வராது. அதனால் அதில் இருவருக்கும் சம உரிமை, ஆளுக்கு 3. முடிவில் 7, 5. சம்பளப் பேச்சோ பாகப்பிரிவினையோ, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் குரலை உயர்த்துவதற்கான இடம் குறைந்துவிடும். நேல்பஃபும் அவருடைய மாணவர் சேத் கோல்ட்மேனும் சேர்ந்து 1998-இல் தொடங்கிய ஹானஸ்ட் டீ நிறுவனத்தைப் பின்னால் கோகோ கோலா வாங்கியது. இந்தப் பேரம் பேசும் பாடம் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் கிடைக்கிறது. 2013-இல் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லரின் நிதிச் சந்தைகள் பாடமும் அங்கே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் இரண்டையும் பாருங்கள். அந்தக் கற்பிப்பு உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து படிப்புகள். முதன்மையானது இரண்டு வருட முழுநேர எம்பிஏ. ஒரு வருடத்துக்குச் சேர்வது முந்நூற்றைம்பது பேரை ஒட்டித்தான். ஹார்வர்டில் சேர்வது தொள்ளாயிரத்துக்கும் மேல். சின்ன வகுப்பு என்பதால் எல்லாரையும் பெயர் சொல்லித் தெரியும், பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினால் பேச நேரம் கிடைக்கும். இரண்டாம் வருடத்தில் யேலின் எந்தத் துறையிலும் போய்ப் பாடம் எடுக்கலாம். கூட்டுப் பட்டங்களில் சட்டம், மருத்துவம், பொதுச் சுகாதாரம் எல்லாம் உண்டு, நாடகப் பள்ளியோடும் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் பள்ளியோடு சேர்ந்து மூன்று வருடத்தில் இரண்டு பட்டம் வாங்குவது அங்கே நன்றாக வேரூன்றிய வழி. தண்ணீர், காடு, எரிசக்தி என்று களத்தில் இருப்பவர்கள் அதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

கல்லூரி கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கு சில்வர் ஸ்காலர்ஸ் என்று ஒரு வழி 2001 முதல் இருக்கிறது. வேலை அனுபவம் இல்லாமலே நேராக எம்பிஏ-வில் சேரலாம். முதல் வருடம் அடிப்படைப் பாடங்கள், நடுவில் ஒரு வருடம் முழுநேர வேலை, மூன்றாம் வருடம் திரும்பி வந்து விருப்பப் பாடங்கள். இடம் மிகக் குறைவு, போட்டி கடுமை. நம் பொறியியல் கல்லூரி மாணவர்களில் இப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்களே குறைவு என்பதால் சொல்கிறேன்.

ஐஐஎம் பெங்களூரில் படித்தவர்களுக்குத் தனி வாசல் ஒன்று உண்டு. டெட் ஸ்னைடர் டீனாக இருந்தபோது, 2012-இல், உலகெங்கும் உள்ள பிசினஸ் ஸ்கூல்களைச் சேர்த்து யேல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கியது. அதில் ஐஐஎம் பெங்களூர் உண்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் உண்டு. அந்தப் பள்ளிகளில் எம்பிஏ முடித்தவர்களுக்காக ஒரு வருட மேம்பட்ட மேலாண்மைப் பட்டம் வைத்தார்கள். ஏற்கெனவே எம்பிஏ இருக்கும்போது இன்னொரு முறை இரண்டு வருடம் செலவழிக்காமல் யேலில் படிக்க அது வழி.

ஒரு வருட முதுகலைகளில் இரண்டைக் குறிப்பிடுகிறேன். ஒன்று, மத்திய வங்கிகளிலும் நிதி ஒழுங்குமுறை அமைப்புகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கான சிஸ்டமிக் ரிஸ்க் படிப்பு. 2008 நெருக்கடி போன்ற ஒன்று எப்படி உருவாகிறது, வந்தால் எப்படி அணைப்பது என்பதுதான் பாடமே. ரிசர்வ் வங்கியில் இருப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்றொன்று சொத்து மேலாண்மை. யேல் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளை நிதியை 1985 முதல் 2021-இல் இறக்கும் வரை நிர்வகித்த டேவிட் ஸ்வென்சன், பங்கும் பத்திரமும் மட்டும் போதும் என்றிருந்த பல்கலைக்கழக முதலீட்டு முறையையே மாற்றியவர். அந்த மரபு இருக்கும் இடத்தில் இந்தப் படிப்பு இருப்பது பொருத்தம்.

வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்களுக்கு வார இறுதி வகுப்புகளோடு எக்ஸிக்யூட்டிவ் எம்பிஏ உண்டு. மருத்துவத் துறை, சொத்து மேலாண்மை, நீடித்த வளர்ச்சி என்று மூன்று பிரிவுகள். அமெரிக்காவிலேயே வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அது நடைமுறையில் சாத்தியம்.

பிஎச்டி பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். கணக்கியல், நிதி, மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், நிறுவனங்களும் மேலாண்மையும் ஆகிய துறைகளில் முனைவர் பட்டம் இருக்கிறது. சேர்ந்தவர்களுக்குக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. கணிதமோ பொருளாதாரமோ நன்றாக வருகிற, ஆராய்ச்சியில் ஆசை உள்ள, கையில் பணமில்லாத பிள்ளைகள் எம்பிஏ கடனில் விழுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இனி பணம். எம்பிஏ-வுக்குக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல். தங்குவது, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் இரண்டு வருடத்தில் 2 லட்சம் டாலரைத் தாண்டிவிடும். நம் பணத்தில் 2 கோடி ரூபாய் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் கிடையாது, சேர்க்கை கிடைத்த எல்லாரையும் பரிசீலிப்பார்கள். அமெரிக்காவில் ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் இல்லாமலே வெளிநாட்டு மாணவருக்குக் கடன் தரும் நிறுவனங்களும் உண்டு. வட்டியை நம்மூர் வங்கிக் கடனோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கச் சொல்லிப் பெற்றோரைக் கேட்பதற்கு முன், திருப்பிக் கட்டும் மாதத் தவணையை டாலரிலும் ரூபாயிலும் எழுதிப் பாருங்கள். படித்து முடித்து இந்தியா திரும்பித் தொண்டு நிறுவனச் சம்பளம் வாங்கினால் அந்தத் தவணையைக் கட்டவே முடியாது.

இங்கேதான் யேல் மற்ற பள்ளிகளிலிருந்து வித்தியாசப்படுகிறது. படித்துவிட்டு அரசு அல்லது லாப நோக்கற்ற அமைப்பில் குறைந்த சம்பளத்துக்குப் போகிறவர்களின் கடன் தவணையைப் பள்ளியே ஏற்கும் திட்டத்தை 1980-களிலேயே கொண்டுவந்தது. பிசினஸ் ஸ்கூல்களில் இதைச் செய்தது யேல்தான் முதலில். சம்பள வரம்பு, எந்தக் கடன் சேரும் என்ற நிபந்தனைகள் உண்டு. உங்கள் நிலைக்கு அது பொருந்துமா என்று சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று மாணவர்களே 1979-இல் தொடங்கியது. கோடையில் வங்கியிலும் கன்சல்டிங் நிறுவனத்திலும் நல்ல சம்பளத்துக்குப் போகிற மாணவர்கள் அதில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள். சம்பளம் தர முடியாத தொண்டு அமைப்புகளுக்குப் போகிற சக மாணவர்களுக்கு அதிலிருந்து பணம் போகும். குறிக்கோள் வாசகம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

அதே சமயம் இதையும் மறைக்கக் கூடாது. யேல் எம்பிஏ முடிப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கன்சல்டிங்குக்கும் நிதித் துறைக்கும்தான் போகிறார்கள். நேராகத் தொண்டு அமைப்புக்குப் போகிறவர்கள் சிறுபான்மை. கல்விக் கடனின் சுமை அதற்கு முக்கியக் காரணம். எல்லாரும் சமூக சேவகர்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்கள் பக்கத்து இருக்கையில் முதலீட்டு வங்கிக்குப் போகிறவர் உட்கார்ந்திருப்பார். அவரோடு வாதம் செய்து படிப்பதற்காகத்தான் அந்தப் பள்ளி.

வால் ஸ்ட்ரீட் மட்டுமே இலக்கு என்றால் வார்ட்டனோ கொலம்பியாவோ வசதி. அங்கே பழைய மாணவர் எண்ணிக்கையே பல மடங்கு. நியூ ஹேவன் சின்ன ஊர், நியூயார்க்குக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்து 2014-இல் திறந்த கண்ணாடிக் கட்டடம் பள்ளிக்கு இருக்கிறது, அழகானது, ஆனால் கட்டடத்துக்காக யாரும் படிக்கப் போவதில்லை. படித்த பிறகு அங்கேயே வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு விசா பெரிய கவலை. மாணவர் விசாவில் ஒரு வருடம் வேலை அனுமதி கிடைக்கும், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகைப் படிப்பென்றால் கூடுதலாக இரண்டு வருடம். அதற்குப் பிறகு ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். விதிகள் அடிக்கடி மாறுவதால், அமெரிக்க வேலை கிடைத்தே தீரும் என்ற கணக்கில் மட்டும் கடன் வாங்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கு ஜிமேட், ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வுகளில் ஏதாவது ஒன்று போதும். விண்ணப்பக் கட்டணமே உங்கள் சம்பளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், குறைந்த சம்பளக்காரர் குறைவாகக் கட்டினால் போதும். நம்மவர்களைத் தடுமாற வைப்பது வீடியோ கேள்விகள். கேள்வி திரையில் வரும், யோசிக்கச் சில நொடிகள், பேச ஒரு நிமிடத்தை ஒட்டி. மனப்பாடம் செய்தவர்கள் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுவார்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, என்ன கேட்பார்கள் என்று தெரியாமல் பதில் சொல்லிப் பழகுங்கள். ஆங்கில உச்சரிப்பு பற்றிக் கவலை வேண்டாம், சொல்வது தெளிவாக இருந்தால் போதும்.

கட்டுரையில் பல வருடமாகக் கேட்ட கேள்வி, நீங்கள் செய்த மிகப்பெரிய அர்ப்பணிப்பு எது என்பது. 500 சொற்களுக்குள் எழுத வேண்டும். இப்போது வேறு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் விடுகிறார்கள். நான் படித்துப் பார்த்த கட்டுரைகளில் பாதி, பதவியும் பாராட்டும் அடுக்கிய பட்டியல்களாகத்தான் இருந்தன. அவர்கள் தேடுவது வேறு: எதற்காக எதை விட்டீர்கள், சோர்ந்து போனபோது என்ன செய்தீர்கள். பஞ்சாயத்துத் தலைவர் மூன்று முறை திருப்பி அனுப்பிய பிறகும் நான்காம் முறை போய் நின்றதை அப்படியே எழுதுங்கள். தொண்டு நிறுவனத்தில் சில வருடம் இருந்த உங்களிடம் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய இருக்கும். கூடவே எண்களும் வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு பட்ஜெட், முன்பு எப்படி இருந்தது, பின்பு என்ன ஆனது என்று சொல்லத் தெரிந்தவரா என்று பார்ப்பார்கள். நல்ல மனசு மட்டும் போதாது.

செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல் என்று மூன்று சுற்றுகள் நடக்கின்றன. ஏப்ரல் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், சேர்க்கை கிடைத்தாலும் விசாவுக்கும் கடனுக்கும் நேரம் போதாது. செப்டம்பரில் முடியாவிட்டால் ஜனவரிக்குள் அனுப்பிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் தரப்போகிறவரிடம் அதற்கு இரண்டு மாதம் முன்பே பேசிவிடுங்கள்.